இடித்துக் கட்டட்டும், குடியிருந்தவர் கணக்கைத் தீர்த்துவிட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் சேலம் பதிப்பின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் அடுக்குமாடி வீட்டு விளம்பரங்கள் பெருகிவிட்டன. முன்பெல்லாம் ஓமலூர் ரோடு, ஏற்காடு அடிவாரம் என்று ஊருக்கு வெளியேதான் இருக்கும். இப்போது அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை என்று பழைய பேட்டைகளின் பெயர்களே வருகின்றன. இங்கெல்லாம் காலி மனை ஏது? ஒரு பழைய கட்டடம் இடிந்தால்தான் புதுக் கட்டடம் எழும்பும். இடிகிற கட்டடத்தில் யாராவது வாடகைக்கு இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள் என்று கேட்பாரில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான், சுருக்கிப் போட்டாலும் சரி, போக்கியத்தைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

நான் வக்கீல் குமாஸ்தா. அஸ்தம்பட்டி கோர்ட்டில் காலம் தள்ளி, இப்போது ஓய்வில் இருக்கிறேன். எங்கள் ஆபீசில் வாடகை வழக்குகள் அதிகம். "மேற்படி கட்டடம் மிகவும் பழமையானது, சிதிலமடைந்தது, அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மனுதாரருக்கு நல்லெண்ணமும் வசதியும் உண்டு" என்ற வாசகத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அதே சமயம் பிறந்ததிலிருந்து நான் இருப்பது வாடகை வீட்டில்தான். அம்மாபேட்டையில் நாங்கள் குடியிருந்த லைன் வீடு மொத்தமும் போன வருடம் இடிபட்டது. அந்த மாதிரி மனுக்களை எழுதினவனும் நான், சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவனும் நான்.

இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்பவருக்கு இழப்பீடு வேண்டும் என்று சொன்னால், இதென்ன புதுசாக என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். புதுசே இல்லை. இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேஸை இழுக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் கொடுக்கிறார்கள்.

பழைய வாடகைச் சட்டம், அதாவது 1960-ஆம் வருடச் சட்டம் இருந்த காலத்தில், இடித்துக் கட்டுவதற்கான மனு வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போகும். தோற்றவர் அப்பீல் போடுவார். அங்கேயும் தோற்றவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வு மனு போடுவார். இதற்குள் வருடங்கள் ஓடிவிடும். பஜார் பக்கம் கடை வைத்திருப்பவருக்கு அதுதான் தேவை. மாத வாடகை சில நூறு ரூபாய். அதைக் கோர்ட்டில் கட்டிக்கொண்டே பத்து வருடம் உட்கார்ந்துவிடுவார். ஒரு கட்டத்தில் பில்டர் அவசரப்படுவார். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இரண்டு தரப்பும் ஆபீசுக்கு வரும், காபி வரும், தொகை பேசுவார்கள், சமரசக் குறிப்பு எழுதுவோம். அப்படி வாங்கிய தொகையில் ஊருக்கு வெளியே சொந்த மனை வாங்கியவரையே எனக்குத் தெரியும். அவரை நான் குறை சொல்லவில்லை. முப்பது வருடம் அங்கே வியாபாரம் செய்தவர், அந்த முக்கில் கடை இருப்பதால்தான் வாடிக்கை வந்தது. அவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டியது நியாயம்.

லைன் வீட்டில் இருப்பவர் கதை வேறு. அவருக்கு வக்கீல் கிடையாது. எழுதிக்கொண்ட ஒப்பந்தம் கிடையாது, வாடகை ரசீது கிடையாது. வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று சொன்னால் அதுதான் நோட்டீஸ். நாலு பேர் பார்க்கச் சத்தம் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பதினைந்து நாளில் சாமானைக் கட்டிவிடுவார். சண்டை போடத் தெரிந்தவனுக்கு லட்சம், மரியாதைக்குப் பயந்தவனுக்குப் பூஜ்யம். இந்த ஏற்பாட்டைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

எங்கள் லைன் எப்படியிருந்தது என்று சொன்னால் விஷயம் புரியும். நடுவில் நீளமான சந்து, இரண்டு பக்கமும் நாட்டு ஓடு போட்ட வீடுகள், முன்னால் வீட்டுக்காரரின் பழைய மாடி வீடு, கடைசியில் பொதுக் கழிப்பறையும் ஒரு அடிபம்பும். வாடகை மூவாயிரத்துச் சொச்சம். மழைக்காலத்தில் ஒழுகும். பின்சுவர் உப்பிப்போய் நின்றது. இடிக்க வேண்டிய கட்டடம்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. வீட்டுக்காரப் பெரியவர் இருந்தவரை ஐந்தாம் தேதி வந்து வாடகை வாங்கிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போவார். அவர் காலமான பிறகு பிள்ளைகள் பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள்; நிலம் இவர்களுடையது, கட்டுவது அவர். ஆனி மாதம் பாதியில் வந்து, ஒரு மாதத்தில் காலி செய்து கொடுங்கள் என்றார்கள். ஒரு மாதம் என்றால் ஆடி. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே கூடும் மாதத்தில், புது வீட்டில் பால் காய்ச்ச யாருக்கு மனசு வரும்? வாடகைக்கு விடுகிறவர்களே ஆடியில் சாவி தரத் தயங்குவார்கள். கெஞ்சிக் கேட்டதில் ஆவணி முதல் வாரம் வரை விட்டார்கள். அதையே பெரிய உபகாரமாகப் பலமுறை சொல்லிக் காட்டினார்கள்.

அட்வான்ஸ் திரும்பி வந்த கதையையும் கேளுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சேலத்தில் வழக்கம். எங்களிடமும் பிடித்தார்கள். அடுத்த வாரம் பொக்லைன் வரப்போகிற வீட்டுக்குப் பெயிண்ட்! நான் கேட்டேன். "வழக்கம்தானே சார்" என்றார் மூத்த பிள்ளை, முகத்தில் துளிச் சிரிப்புகூட இல்லாமல். நான் விடவில்லை, எனக்குத் திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. அவர்கள் கேட்கவில்லை.

புது வீடு பிடிக்க ஆகிற செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. சாமான் ஏற்றக் குட்டி யானை, தூக்க ஆள். பழைய அட்வான்ஸ் இருபதாயிரம் என்றால் புது வீட்டுக்கு ஐம்பதாயிரம் கேட்கிறார்கள். மூவாயிரத்துக்கு இருந்தவன் ஏழாயிரத்துக்குப் போகிறான். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது போய், ஆட்டோவோ பஸ்ஸோ வேண்டியிருக்கிறது. ரேஷன் கடை மாற்ற வேண்டும், கேஸ் முகவரி மாற்ற வேண்டும். அட்வான்ஸைத் தவிர்த்து என் கையை விட்டுப் போனது மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கே இப்படி என்றால், தினக்கூலிக்குப் போகிறவருக்கு என்னவாகியிருக்கும்.

இதில் பணத்தால் மட்டும் அளக்க முடியாத நஷ்டம் ஒன்றும் உண்டு. எங்கள் லைனில் மூன்றாவது வீட்டில் நெசவுக்கார அண்ணன் ஒருவர் இருந்தார். வெண்பட்டு வேட்டி நெய்பவர். குழித்தறி. அம்மாபேட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டுத் தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதிகட்டையை மிதித்து நெய்வது. அந்தக் குழியை அவர் அப்பா வெட்டியது. காலி செய்யச் சொன்னபோது தறியில் பாவு, அதாவது நெய்வதற்கு நீளவாட்டில் பூட்டிய நூல், பாதி நின்றது. அதை முடிக்காமல் தறியைப் பிரிக்க முடியாது, பாதியில் அறுத்தால் பாவு கொடுத்த முதலாளிக்கு யார் பதில் சொல்வது? சரி, எப்படியோ முடித்தார். அடுத்த வீடு? டைல்ஸ் போட்ட வீட்டில் குழி வெட்ட எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? "தறியா? வேண்டாங்க, சத்தம் வரும், தரை போயிடும்" என்று வாசலிலேயே அனுப்பினார்கள். கடைசியில் தறிக் கட்டைகளை இளம்பிள்ளையில் இருக்கும் தங்கை வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, வேறொருவர் கொட்டகையில் கூலிக்கு நெய்யப் போகிறார். அவருக்கு வீடு போனது, கூடவே தொழிற்கூடமும் போனது. வீட்டிலேயே கொலுசுக்குப் பற்றவைக்கும் வெள்ளி வேலைக்காரர்களுக்கும், இட்லி மாவு அரைத்து விற்கும் பெண்களுக்கும் இதே நிலைமைதான். மூன்று மாத வாடகை கொடுத்தால் இந்த நஷ்டம் ஈடாகாது. தொழில் நடத்தும் இடத்தைப் பெயர்த்து வைக்கிற செலவைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி போக்கியம். வெளியூர் வாசகர்களுக்காக: மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருப்பது. காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும். சில ஊர்களில் லீஸ் என்பார்கள். மாதா மாதம் வாடகைக்கு அல்லாட வேண்டாம் என்று, சேர்த்து வைத்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் நம் ஊரில் அதிகம். வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெட்டியில் வைத்திருக்க மாட்டார். கல்யாணம், கடன், வியாபாரம் என்று போயிருக்கும். அடுத்த போக்கியக்காரர் கொடுக்கும் பணத்தை வாங்கித்தான் முந்தியவருக்குக் கொடுப்பார். இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. வீட்டையே இடிக்கும்போது அடுத்த போக்கியக்காரர் எங்கிருந்து வருவார்?

முன்மாடியில் ஒரு அம்மா போக்கியத்துக்கு இருந்தார். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலை செய்து சேர்த்த பணமும், கணவர் இறந்தபோது வந்த தொகையுமாக மூன்று லட்சம் கொடுத்திருந்தார். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய காகிதம் ஒன்றுதான் ஆதாரம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்; அந்தச் செலவுக்குப் பயந்து யாரும் செய்வதில்லை. பாதிக்கு மேல் கொடுத்துவிட்டார்கள், மீதி "கட்டடம் எழும்பினதும் தர்றோம்மா" என்பதில் நிற்கிறது. கையில் முழுப்பணம் இல்லாததால் அவரால் இன்னொரு போக்கியமும் பிடிக்க முடியவில்லை. மகள் வீட்டில் இருக்கிறார். சம்பந்தி வீட்டாரும் அதே வீட்டில்தான். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் வருடச் சட்டத்தில் வாடகை ஏற்றுவது முதற்கொண்டு வீட்டுக்காரருக்கு ஏகப்பட்ட கஷ்டம் இருந்தது. நகரின் நடுவில் ஐம்பது ரூபாய் வாடகைக்கு ஆள் உட்கார்ந்திருந்தார்கள். அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இடித்துக் கட்டும் விஷயத்தில் அந்தச் சட்டத்துக்கு ஒரு பிடி இருந்தது. கட்டடம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் இடிக்க ஆரம்பித்து, மூன்று மாதத்துக்குள் முடிப்பேன் என்று வீட்டுக்காரர் உறுதிமொழி கொடுத்தாக வேண்டும். இடிக்க ஆரம்பிக்காவிட்டால், காலி செய்தவர் திரும்ப வந்து குடியேற மனுப் போடலாம். கட்டடத்தின் வயதும் நிலைமையும் என்ன, கட்டுவதற்குப் பணம் இருக்கிறதா, நோக்கம் உண்மையானதுதானா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று 1996-இல் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு என்று அந்தச் சட்டத்திலும் பைசா கிடையாது. ஆனால் பொய்யாகக் காலி செய்ய வைத்துவிட்டு வேறு ஆளுக்கு விடுவதற்கு ஒரு தடை இருந்தது.

அந்தச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்று நல்ல விஷயங்கள் உண்டு. இடித்துக் கட்டக் காலி செய்யச் சொல்வதும் ஒரு காரணமாக இருக்கிறது. கட்டி முடித்த பிறகு பழைய ஆள் திரும்பி வரலாமா? இரண்டு பேரும் சம்மதித்துப் புது ஒப்பந்தம் போட்டால் வரலாம். சம்மதித்தால்! வீட்டுக்காரர் சம்மதித்தால் சட்டம் எதற்கு?

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே காலி செய்ய வைக்கப் போதுமான காரணம் என்று அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. எங்கள் லைனில் ஒருவருக்கும் ஒப்பந்தம் இல்லை. ஆகவே இடிக்கப்போகிறேன் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட வீட்டுக்காரருக்கு இல்லை. மத்திய அரசு 2021-இல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தையும் படித்தேன். கெடு தாண்டியும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரண்டு மடங்கு, அதற்குப் பிறகு நான்கு மடங்கு வாடகை தர வேண்டும் என்று அதில் கணக்காக எழுதியிருக்கிறார்கள். குடியிருப்பவர் கொடுக்க வேண்டியதை மட்டும் இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிகிறது.

சரி, இழப்பீடு கொடுத்தால் கட்டுமானத் தொழிலே படுத்துவிடும் என்று ஒரு பில்டர் என்னிடம் சொன்னார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். கூட்டு ஒப்பந்தங்களை நான் நிறைய டைப் அடித்திருக்கிறேன். நிலத்துக்காரர் அந்த இடத்திலேயே குடியிருந்தால், பெரும்பாலும் ஒரு ஷரத்து வரும்: கட்டடம் முடியும்வரை அவர் தங்கும் வீட்டுக்கு மாதா மாதம் வாடகையைப் பில்டர் தர வேண்டும், சாமான் ஏற்றி இறக்கும் செலவும் பில்டருடையது. ஆக, வீடு மாறினால் செலவாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே கட்டடம், ஒரே வாரத்தில் காலி செய்கிறார்கள், முன்பக்கத்து வீட்டுக்காரருக்குச் செலவுக்குப் பணம் வருகிறது, பின்பக்கத்து லைன்காரரிடம் பெயிண்டுக்குப் பிடிக்கிறார்கள்.

அரசாங்கமும் தன் விஷயத்தில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய குடிசை மாற்று வாரியம், இப்போதைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், தன் பழைய குடியிருப்புகளை இடித்துத் திரும்பக் கட்டும்போது, அங்கிருக்கும் குடும்பங்கள் வெளியே வாடகைக்குத் தங்கக் கருணைத்தொகை கொடுக்கிறது. 8,000 ரூபாயாக இருந்ததை 24,000 ஆக உயர்த்தினார்கள். போதுமா என்பது வேறு கேள்வி, கொடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை என்றாகிவிட்டது அல்லவா? எட்டு வழிச்சாலைப் பேச்சு வந்த சமயத்தில் 2013-ஆம் வருட நிலமெடுப்புச் சட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் பேசாத டீக்கடை இல்லை. நகரப் பகுதியில் எடுக்கப்படும் இடத்தில் மூன்று வருடமாகக் குடியிருக்கும் குடும்பம், சொந்த வீடு இல்லாவிட்டாலும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்கிறது அந்தச் சட்டம். இடம் பெயரும் குடும்பத்துக்குச் சாமான் கொண்டுபோக 50,000 ரூபாய், ஒரு வருடத்துக்கு மாதம் 3,000 ரூபாய் என்று அதன் அட்டவணையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ரோட்டோரத்தில் கடை போட்டிருப்பவரை அப்புறப்படுத்தவே முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும் என்கிறது 2014-ஆம் வருடச் சாலையோர வியாபாரிகள் சட்டம். தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மட்டும் எந்தக் கணக்கிலும் வராமல் போவது ஏன்?

பக்கத்துக் கேரளாவில் 1965-ஆம் வருடச் சட்டப்படி, இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்தவருக்குப் புதுக் கட்டடத்தில் முதல் உரிமை உண்டு, நியாய வாடகை கொடுக்க வேண்டும். மும்பையில், பராமரிப்புக்கென்று 'செஸ்' வரி கட்டிவரும் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டுகிற பில்டர், அங்கே இருந்த வாடகைதாரருக்குக் குறைந்தது 300 சதுர அடி வீடு கொடுத்தாக வேண்டும். அந்த அளவுக்கு இங்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மும்பையின் நில விலையும் அங்கே கிடைக்கும் கூடுதல் மாடிகளும் வேறு.

எங்கள் வீட்டுக்காரரின் இளைய மகன் கனடாவில் டொரண்டோ பக்கம் வேலையில் இருக்கிறார். அங்கே அவரும் வாடகைக்குத்தான் இருக்கிறார். அந்த ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி, இடிப்பதற்காகக் காலி செய்யச் சொன்னால் 120 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஐந்து வீடுகளுக்குக் குறையாத கட்டடமாக இருந்தால் மூன்று மாத வாடகையை இழப்பீடாகக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் ஒப்புக்கொள்ளும் வேறு வீட்டைக் காட்ட வேண்டும். அதைவிடச் சின்னக் கட்டடம் என்றால் ஒரு மாத வாடகை. இதை மூத்தவரிடம் சொன்னேன். "அது கனடா சார்" என்றார். அவர் தம்பிக்கு அங்கே கிடைக்கும் பாதுகாப்பு, அவர் அப்பாவுக்கு வருடக்கணக்கில் வாடகை கட்டியவர்களுக்கு இங்கே கிடையாது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, பெரிய கட்டடத்துக்கும் சிறிய கட்டடத்துக்கும் வேறு கணக்கு வைத்திருப்பதுதான். நம் ஊரில் வீட்டுக்காரர் என்றாலே பணக்காரர் இல்லை. முன்னால் தான் இருந்துகொண்டு, பின்னால் ஒரு போர்ஷனை விட்டு, அந்த வாடகையில் மருந்து வாங்கும் விதவைத் தாய்மார்கள் பொன்னம்மாபேட்டையில் எத்தனையோ பேர். ஓடு சரிந்து யார் தலையிலாவது விழுவதற்கு முன்னால் இடித்துக் கட்ட நினைக்கும் அந்த அம்மாவிடம் போய் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கேட்பது தர்மமில்லை. லைன் முழுவதையும் இடித்து அடுக்குமாடி கட்டுபவர் வேறு. அங்கே பணம் பில்டரிடமிருந்து வருகிறது. ஒரு வீட்டின் விற்பனை விலையில் மிகச் சிறிய பங்கு, அந்த லைனில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் போதும்.

தொகையைக் கணக்கிடும்போது ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று மாத வாடகை என்று எழுதிவிட்டு, பழைய வாடகையான மூவாயிரத்தை மூன்றால் பெருக்கிக் கொடுத்தால் அது குட்டி யானைக்கும் புரோக்கருக்குமே சரியாய்ப் போகும். அதே பகுதியில், அதே அளவு வீட்டுக்கு இன்று என்ன வாடகையோ அதை வைத்துத்தான் பெருக்க வேண்டும். பத்து, இருபது வருடம் இருந்தவருக்கும் போன வருடம் வந்தவருக்கும் ஒரே தொகை என்பதும் சரியில்லை. தறி, பட்டறை போன்றவற்றை எடுத்து வைக்கும் செலவு தனி. நோட்டீஸ் குறைந்தது நாலு மாதம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் முழுப் பரீட்சை முடியும்வரை. புதுக் கட்டடத்தில் வாடகைக்கு விடும் வீடுகள் இருந்தால் பழையவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். புது வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் கேட்க வேண்டும்.

சட்டத்தில் எழுதினால் மட்டும் போதுமா என்றால், குமாஸ்தாவாக இருந்தவன் போதும் என்று சொல்ல மாட்டான். காலி செய்த பிறகு பணத்துக்கு மனுப் போடு, வாய்தாவுக்கு வா என்றால் லைன் வீட்டில் குடியிருந்தவர் வர மாட்டார். கூலி போய்விடும். பணம் கைக்கு வந்த பிறகுதான் கட்டடம் இடிபட வேண்டும். அதற்குச் சரியான இடம் கட்டட அனுமதி கொடுக்கும் மேசை. இப்போது அனுமதி விண்ணப்பம் எல்லாம் ஒற்றைச் சாளர இணையதளத்தில்தான். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர் சுய சான்று கொடுத்தால் உடனே அனுமதி வந்துவிடுகிறது. பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் ஏற்றச் சொல்கிறார்கள். அதோடு ஒரு கேள்வியும் இருக்கட்டும்: இந்த இடத்தில் கடந்த ஒரு வருடத்தில் வாடகைக்கோ போக்கியத்துக்கோ யாராவது இருந்தார்களா? இருந்தார்கள் என்றால், முன்பணமும் போக்கியத் தொகையும் இழப்பீடும் வங்கி மூலம் கொடுத்ததற்கு அவர்கள் கையெழுத்திட்ட ரசீதை ஏற்ற வேண்டும். இல்லை என்று பொய் சொன்னால் அனுமதி ரத்து. ஒப்பந்தம் இல்லாதவர் குடியிருந்ததற்கு ஆதாரம் என்ன என்று கேட்பார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கேஸ் புத்தகம், பள்ளிக்கூடத்தில் கொடுத்த முகவரி, இதில் ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும்.

உண்மையில் இது வீட்டுக்காரர்களுக்கும் லாபம். தொகை இவ்வளவு என்று முன்பே தெரிந்துவிட்டால், பில்டரோடு பேசும்போதே அதைச் சேர்த்துக் கணக்குப் போடலாம். கேஸை இழுத்து லட்சக்கணக்கில் கறக்கும் ஆட்களும் அடங்குவார்கள். சட்டம் சொன்னதைக் கொடுத்தாயிற்று, போ என்று சொல்லிவிடலாம். எங்கள் ஆபீஸ் போன்ற ஆபீஸ்களுக்கு வருமானம் குறையும். பரவாயில்லை.

வீட்டு வசதித் துறை அமைச்சரும், நம் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும் இதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். 2017-ஆம் வருடச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் சில வரிகள் சேர்த்தால் போதும், புதுச் சட்டமே வேண்டியதில்லை.

கடிதத்தைப் போடுவதானால் என் பெயரைப் போட வேண்டாம். எனக்கு யாரிடமும் பயமில்லை. முன்மாடி அம்மாவுக்குப் போக்கியப் பாக்கி இன்னும் வர வேண்டியிருக்கிறது, என் பெயரைப் பார்த்துவிட்டு அதையும் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
அம்மாபேட்டை, சேலம்.